எழுதினவரே ஏட்டை மாற்றினால்: கெட்டிஸ்பர்க் உரையின் ஐந்து பிரதிகள்

படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். சுவடிக் காலத்துப் பாடபேதங்களுக்கு, அதாவது ஒரே நூலின் பிரதிகளுக்குள் சொற்கள் மாறுபடுவதற்கு, இந்தச் சொலவடை பெரும்பாலும் போதும். ஆபிரகாம் லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரைக்குப் போதாது. 1863 நவம்பர் 19 அன்று அவர் பேசிய அந்த உரைக்கு இன்று ஐந்து கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. ஐந்தும் லிங்கன் தன் கையால் எழுதியவை. ஆனால் எந்த இரண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாலும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகாது. 270 சொச்சம் சொற்கள், இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்த பேச்சு, அதற்கே இந்த நிலை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வாஷிங்டனில் லிங்கன் நினைவு மண்டபச் சுவரில் செதுக்கியிருப்பதும், அமெரிக்கப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதும் ஐந்தில் கடைசியாக எழுதிய பிரதி. பேச்சு முடிந்து சுமார் நான்கு மாதம் கழித்து, ஒரு நிதி திரட்டும் புத்தகத்துக்காக எழுதிக் கொடுத்தது. மேடையிலிருந்து காலத்தால் மிகத் தள்ளி நிற்கும் பிரதிக்குத்தான் ‘மூலம்’ என்ற மரியாதை கிடைத்திருக்கிறது.

அது தவறு என்று சொல்ல வரவில்லை. ‘லிங்கன் அன்று என்ன சொன்னார்’ என்பது ஒரு கேள்வி. ‘தன் உரை என்று எதை விட்டுச் சென்றார்’ என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் விடை ஒரே தாளில் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ‘எந்தப் பிரதி அசல்’ என்ற சண்டை தீராமல் ஓடுகிறது.

முதலில் சூழல். பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863 ஜூலை 1 முதல் 3 வரை நடந்த சண்டையில் இறந்த வீரர்களுக்காக ஒரு கல்லறைத் தோட்டம் அமைத்தார்கள். ஏற்பாட்டை முன்னின்று பார்த்தவர் உள்ளூர் வழக்கறிஞர் டேவிட் வில்ஸ். திறப்பு விழாவின் முக்கியப் பேச்சாளர் லிங்கன் இல்லை. நாடறிந்த சொற்பொழிவாளரான எட்வர்ட் எவரெட்தான். அவர் இரண்டு மணி நேரம் பேசினார், 13,000 சொற்களுக்கு மேல். லிங்கனுக்கு வில்ஸ் நவம்பர் 2 அன்று அனுப்பிய கடிதம் கேட்டதெல்லாம் பொருத்தமாகச் சில வார்த்தைகள் மட்டுமே.

எவரெட் தன் உரையை முன்கூட்டியே அச்சடித்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவிட்டார். ஆகையால் அந்த நெடும்பேச்சுக்குப் பாடச் சிக்கல் பெரிதாக எழவில்லை. லிங்கன் அப்படி எதுவும் கொடுக்கவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஐந்தில் பழையது நிக்கலே பிரதி. லிங்கனின் செயலாளர் ஜான் நிக்கலேயிடம் இருந்ததால் அந்தப் பெயர். இரண்டு தாள். முதல் தாள் அதிபர் மாளிகையின் முத்திரைத் தலைப்பு அச்சிட்ட தாள். மையில், அழகாக, நிதானமாக எழுதியது. இரண்டாம் தாள் வேறு வகை. கோடு போட்டது, முழுக்கப் பென்சில். ரயிலில் போகும்போது உறையின் பின்புறத்தில் கிறுக்கினார் என்ற கதை ஊரெல்லாம் உண்டு. அந்தக் கதைக்கு இந்த முதல் தாளே பதில். வாஷிங்டனிலிருந்து கிளம்பும் முன்பே பாதிக்கு மேல் எழுதி முடித்திருக்கிறார். குலுங்கும் ரயிலில் வந்த கையெழுத்தும் இல்லை அது.

அந்த முதல் தாளின் கடைசி வரியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ‘மாறாக, உயிரோடிருக்கும் நமக்குத்தான், இங்கே நிற்க’ என்ற பொருளில் மையில் முடிகிறது. அதற்கு மேல் இன்னொரு தாள் ஒரு காலத்தில் இருந்திருக்க வேண்டும், இன்று இல்லை. லிங்கன் ‘இங்கே நிற்க’ என்ற மூன்று ஆங்கிலச் சொற்களைப் பென்சிலால் அடித்துவிட்டு, ‘வீ ஹியர் பி டெடிகா’ என்று எழுதுகிறார். ‘டெடிகேட்டட்’ என்ற சொல்லின் பாதி முதல் தாளில், மீதி பென்சில் தாளின் தலையில். அடித்ததையும் எழுதியதையும் சேர்த்துப் படித்தால் வாக்கியம் இலக்கணத்தில் நிற்கவில்லை. ‘உயிரோடிருக்கும் நமக்கு, நாம் இங்கே அர்ப்பணிக்கப்பட’ என்பது போல முட்டுகிறது. அந்த இணைப்பைத் திரும்பிப் பார்த்துச் சரிசெய்ய அவருக்கு நேரமோ அவசியமோ இருக்கவில்லை.

மேடையில் கையில் இருந்தது இந்தத் தாள்தானா? ஆம் என்பவர்கள் மடிப்பைக் காட்டுகிறார்கள். லிங்கன் கோட்டுப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார் என்று நேரில் பார்த்தவர்கள் சொன்னார்கள். இரண்டு தாளிலும் மடிப்புக் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இல்லை என்பவர்கள் சொற்களைக் காட்டுகிறார்கள். ‘அவர்கள் முடிக்காமல் விட்ட பணிக்கு நம்மை அர்ப்பணிக்க வேண்டும்’ என்ற முழு வாக்கியமே நிக்கலே பிரதியில் கிடையாது. அன்றைய பத்திரிகைச் செய்திகளில் அது இருக்கிறது. ‘இதைச் செய்வது முற்றிலும் தகுந்தது, முறையானது’ என்று பத்திரிகைகள் தரும் இடத்தில், நிக்கலே பிரதி ‘இதை நாம் முறைப்படியே செய்யலாம்’ என்று வேறு அமைப்பில் சொல்கிறது. மடிப்பை வைத்துப் பார்த்தால் இதுதான். சொல்லை வைத்துப் பார்த்தால் இது இல்லை. என் கணக்கில் சொல்லுக்கு எடை அதிகம். ஆனால் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு வாயால் வேறு மாதிரி பேசுவது மேடையேறிய எவருக்கும் நடப்பதுதான். அதனால் மடிப்பையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது.

இரண்டாவது, ஹே பிரதி. இன்னொரு செயலாளர் ஜான் ஹேயிடம் இருந்தது. இப்படி ஒன்று இருப்பதே 1906 வரை வெளியே தெரியாது. ஐந்தில் அடித்தல் திருத்தல் நிறைய உள்ளது இதில்தான், அந்தத் திருத்தங்கள் நன்றாகப் பேசுகின்றன. ‘முடிக்காத’ என்று எழுதிவிட்டு ‘பணி’ என்ற சொல்லை விட்டுவிட்டார். பிறகு செருகல் குறி போட்டு மேலே சேர்த்திருக்கிறார். ‘நம் ஆற்றல்’ என்பதற்கு முன் ‘எளிய’ என்பதும் அப்படிச் செருகியதுதான். யோசித்து எழுதும்போது பெயர்ச்சொல் இப்படி விழாது. முன்னால் இருக்கும் ஒரு தாளைப் பார்த்தோ, மனத்தில் ஏற்கெனவே இருக்கும் வாக்கியத்தை வேகமாக இறக்கியோ எழுதும்போது விழும். படியெடுக்கிறவன் செய்யும் அதே பிழை, ஆசிரியரே தனக்குப் படியெடுக்கும்போதும் வருகிறது. நிக்கலே, ஹே இரண்டையும் 1916இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆர்கன் வாயு நிரப்பிய பெட்டிகளில் இருக்கின்றன.

கையெழுத்தை விட்டுவிட்டுக் காதுகளுக்கு வருவோம். அன்று மேடையருகே இருந்தவர்களில் இருவர் முக்கியம். அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஜோசப் கில்பர்ட் ஒருவர். பாஸ்டன் பத்திரிகைக்காக வந்த சார்ல்ஸ் ஹேல் இன்னொருவர், இவர் எவரெட்டின் சகோதரி மகன். (செயலாளர் ஹே வேறு, நிருபர் ஹேல் வேறு. இந்தக் குழப்பத்தில் விழுந்த கட்டுரைகள் உண்டு.) கில்பர்ட் பல பத்தாண்டுகள் கழித்துச் சொன்னது: பேச்சில் லயித்துக் குறிப்பெடுப்பதை விட்டுவிட்டேன், விழா முடிந்ததும் லிங்கனின் தாளை வாங்கிப் பார்த்து நிரப்பிக்கொண்டேன். ஹேல் காதால் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆக, ஒருவர் பாடத்தில் தாளும் காதும் கலந்திருக்கிறது, மற்றவர் பாடம் பெரும்பாலும் காது. இந்த வேறுபாடு ஏன் பெரிது என்பது கொஞ்சத்தில் விளங்கும்.

நிருபர் எழுதியதே பத்திரிகையில் வந்துவிடாது. அவர் கையெழுத்தைத் தந்திக்காரர் படித்து மோர்ஸ் தட்டுவார். மறுமுனையில் ஒருவர் கேட்டு எழுதுவார். அதை அச்சுக்கோப்பவர் படித்து எழுத்து எழுத்தாக அடுக்குவார். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு சொல் வழுக்கலாம். நிறுத்தக்குறிகளை நம்பவே கூடாது. நியூயார்க் டைம்ஸில் ‘அன்ஃபினிஷ்ட்’ பணி, ‘ரீஃபினிஷ்ட்’ பணி என்று அச்சானது. முடிக்காத பணி, மறுபடி மெருகேற்றிய பணி ஆகிவிட்டது! காதுக்கு ‘அன்’னும் ‘ரீ’யும் குழம்பாது. எனவே அது கேட்டவரின் பிழையாக இருக்க வாய்ப்பு குறைவு. கையெழுத்தைப் படித்தவர் பக்கம்தான் விரல் நீள்கிறது. பாடபேதத்தில் இப்படிப் பார்ப்பது பழகிவிட்டால் பாதி வேலை முடியும்: பிழையின் வடிவமே அது எங்கே விழுந்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒலி ஒத்த சொல் மாறினால் காது. எழுத்து ஒத்த சொல் மாறினால் கண். ஒலியும் ஒக்காமல் எழுத்தும் ஒக்காமல் பொருள் மட்டும் ஒத்தால், நினைவிலிருந்து எழுதியிருக்கிறார்கள், அல்லது ஆசிரியரே மாற்றியிருக்கிறார்.

இப்போது சண்டையின் நடுப்புள்ளி: ‘அண்டர் காட்’. ‘இந்தத் தேசம், இறைவனின் கீழ், விடுதலையின் புதுப்பிறப்பைப் பெறும்’ என்ற இடம். நிக்கலே பிரதியில் இந்த இரண்டு சொல் இல்லை. ஹே பிரதியிலும் இல்லை. பின்னால் எழுதிய மூன்றிலும் இருக்கிறது. பக்தியால் பிறகு சேர்த்துக்கொண்டார் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் மறுநாள் பத்திரிகைகளில் இருக்கிறது. கில்பர்ட்டிடம் இருக்கிறது, ஹேலிடமும் இருக்கிறது. லிங்கனின் தாளைப் பார்த்து எழுதியவரிடம் மட்டும் இருந்திருந்தால் ‘தாளில் இருந்திருக்கும்’ என்று தள்ளிவிடலாம். காதால் கேட்டவரிடமும் இருப்பதால், வாயிலிருந்து வந்தது என்று உறுதியாகக் கொள்ளலாம். பேசும்போது நாவில் வந்தது. பிறகு எழுதும்போது அதை மனமறிந்து வைத்துக்கொண்டார்.

இதற்குள்ளும் ஒரு நுணுக்கம். பத்திரிகைகள் தருவது ‘தி நேஷன் ஷால், அண்டர் காட், ஹேவ்’ என்ற அடுக்கு. லிங்கன் பின்னால் எழுதியது ‘திஸ் நேஷன், அண்டர் காட், ஷால் ஹேவ்’. பேச்சில் வினைக்கு நடுவே நுழைந்த தொடரை, எழுத்தில் எழுவாய்க்குப் பக்கத்தில் நகர்த்திவிட்டார். வினையைப் பிளந்து நின்றது வாக்கியத்தை இழுத்தது. எழுவாயோடு சேர்ந்ததும் வாக்கியம் நேராக ஓடுகிறது. எழுத்தாளன் கை வைத்த இடம் இது, நிருபர் பிழை அல்ல.

இன்னொரு சொல்லும் இதே கதையைச் சொல்கிறது. வீரர்கள் இந்தப் பணியை இதுவரை ‘நடத்தி வந்தார்கள்’ என்ற பொருளில் ஹே பிரதியும் பத்திரிகைகளும் ‘கேரீட் ஆன்’ என்கின்றன. பின்னால் வந்த மூன்று பிரதிகளும் ‘முன்னெடுத்துச் சென்றார்கள்’ என்ற பொருளில் ‘அட்வான்ஸ்ட்’ என்கின்றன. கூடவே ‘இங்கே போரிட்ட’ என்ற புதிய தொடரும் நுழைகிறது. கையெழுத்து ஒன்றும் காதுகளும் ஒத்துப்போகும்போது, மேடையில் ஒலித்தது ‘கேரீட் ஆன்’ என்று எடுத்துக்கொள்வதே முறை. சுவரில் செதுக்கியிருப்பது ‘அட்வான்ஸ்ட்’. அந்தச் சொல் கெட்டிஸ்பர்க்கில் ஒலித்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அந்த மூன்று பிரதிகள் ஏன் பிறந்தன? எல்லாம் தர்மக் காரியம். போரில் காயம்பட்டவர்களுக்காக ஊர் ஊராகக் கண்காட்சி வைத்து நிதி திரட்டினார்கள். பிரபலங்களின் கையெழுத்துக்கு நல்ல விலை கிடைத்தது. நியூயார்க் கண்காட்சிக்காக எவரெட் 1864 தொடக்கத்தில் கேட்டார். லிங்கன் பிப்ரவரியில் எழுதி அனுப்பினார். இதுதான் எவரெட் பிரதி; இன்று இலினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கிறது. இதை வாங்க அந்த மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகள் 1940களில் காசு காசாகச் சேர்த்தார்கள். எப்படி எழுதினார் என்பதற்கு நிக்கலே 1894இல் பத்திரிகையில் விளக்கம் தந்தார்: தன் பழைய வரைவையும் அச்சில் வந்த செய்தியையும் ஒப்பிட்டுப் பார்த்துப் புதிதாக ஒரு பாடம் அமைத்தார் என்று. அதாவது லிங்கனே தன் உரைக்குப் பதிப்பாசிரியர் ஆகிவிட்டார். இதைப் படித்த பிறகு ‘பின்னால் எழுதியதில் பத்திரிகைச் சொற்கள் எப்படி வந்தன’ என்ற வியப்பு அடங்கிவிடும்.

அடுத்து வரலாற்றாசிரியர் ஜார்ஜ் பேங்க்ராஃப்ட் கேட்டார். பால்டிமோர் கண்காட்சிக்காக எழுத்தாளர்களின் கையெழுத்தைக் கல்லச்சில் (கல்லில் படியவைத்து அச்சிடும் முறை) அப்படியே எடுத்து ஒரு புத்தகமாக்கும் திட்டம். பதிப்பித்தவர்களில் ஒருவர் பேங்க்ராஃப்டின் மனைவிக்கு முதல் மணத்தில் பிறந்த மகன், கர்னல் அலெக்சாண்டர் பிளிஸ். லிங்கன் எழுதிக் கொடுத்தார், ஆனால் ஒரே தாளின் இரண்டு பக்கத்திலும் எழுதிவிட்டார். கல்லச்சுக்கு அது ஆகாது. ஒரு பக்கம் மட்டும் எழுதி, விளிம்பு விட்டு, தலைப்பும் கையொப்பமும் இருந்தால்தான் எடுக்கலாம். பயன்படாமல் போன அந்தத் தாளைப் பேங்க்ராஃப்ட் வைத்துக்கொண்டார். இன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. லிங்கன் 1864 மார்ச்சில் மறுபடி எழுதினார், இம்முறை கேட்ட மாதிரியே. அதுதான் பிளிஸ் பிரதி. தலைப்பு, தேதி, முழுக் கையொப்பம் மூன்றும் உள்ள ஒரே பிரதி.

அந்தத் தேதியில் ஒரு பொறி இருக்கிறது. தாளில் ‘1863 நவம்பர் 19’ என்று லிங்கனே எழுதியிருக்கிறார். அது பேசிய நாள், எழுதிய நாள் அல்ல. பின்புலம் தெரியாதவர் அட்டவணை போட்டால் கடைசிப் பிரதி முதல் பிரதி ஆகிவிடும். கையொப்பமும் தேதியும் இருப்பதாலேயே இது அதிகாரபூர்வப் பாடம் என்ற பெயரைப் பெற்றது. 1949இல் கியூபாவின் முன்னாள் தூதர் ஆஸ்கர் சின்டாஸ் ஏலத்தில் 54,000 டாலருக்கு வாங்கினார். அவர் விருப்பப்படி அது வெள்ளை மாளிகைக்குப் போய்விட்டது. ஒரு கல்லச்சுக்காரரின் தொழில் தேவைதான் இன்றைய ‘மூல பாடத்தை’த் தீர்மானித்தது. முதல் தாளை ஒரு பக்கம் மட்டும் எழுதியிருந்தால் சுவரில் ஒரு சொல் கூடுதலாக இருந்திருக்கும்.

அந்த ஒரு சொல் ‘ஹியர்’, ‘இங்கே’. ‘இங்கே தம் ஈடுபாட்டின் கடைசி முழு அளவையும் தந்தார்கள்’ என்று முந்தைய நான்கு கையெழுத்திலும் இருந்தது பிளிஸில் போய்விட்டது. அதற்குப் பிறகும் இந்தச் சின்ன உரையில் எட்டு ‘இங்கே’ மிச்சம். கல்லறைத் தோட்டத்தில் நின்று பேசும்போது ஒவ்வொரு ‘இங்கே’க்கும் காலடி மண் இருந்தது. அறையில் மேசைமுன் உட்கார்ந்து ஐந்தாம் முறை எழுதும்போது ஒன்று மிகையாகப் பட்டிருக்கலாம், கை தவறியும் இருக்கலாம். நான் முதல் கட்சி. காரணம், விழுந்த இடத்தில் ஓசை கெடவில்லை, கூடியிருக்கிறது.

நம் பாடப் புத்தகங்கள் வரை வந்துசேர்ந்த ‘மக்களால், மக்களுக்காக, மக்களுடைய ஆட்சி’ என்ற வரிதான் குறைவாக ஆட்டம் கண்டது. பத்திரிகைகளில் ஓர் ‘அண்ட்’ கூடும், எங்கோ ‘கவர்மென்ட்’ பன்மையாகும், கையெழுத்துகளில் காற்புள்ளி மாறும், அவ்வளவே. ஓசைக் கட்டு உள்ள தொடர் நினைவில் சிதறாது. தமிழில்தான் வரிசை ஆளுக்கு ஆள் மாறுகிறது, அதற்கு லிங்கன் பொறுப்பல்ல.

எல்லாப் புகழ்பெற்ற உரைக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. அமெரிக்க விடுதலைப் போராட்டத் தலைவர் பேட்ரிக் ஹென்றி 1775இல் பேசிய ‘விடுதலை தா, இல்லையேல் சாவு தா’ உரை அச்சில் வந்தது 1817இல், பிறர் நினைவுகளைத் திரட்டி. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெண் போராளி சோஜர்னர் ட்ரூத் 1851இல் ஓஹையோவின் ஏக்ரன் நகரில் பேசியதற்கு அதே ஆண்டு வந்த பத்திரிகைப் பாடம் ஒன்று, 1863இல் ஃபிரான்சஸ் கேஜ் எழுதிய பாடம் ஒன்று. ‘நான் பெண்ணில்லையா’ என்ற புகழ்பெற்ற கேள்வி இரண்டாவதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது, முதலாவதில் இல்லை. டச்சு மொழியைத் தாய்மொழியாகப் பேசி நியூயார்க்கில் வளர்ந்தவர் வாயில் தென்மாநிலப் பேச்சு வழக்கைப் போட்டதும் இரண்டாவதுதான். அங்கே பாடபேதம் என்பது ஒரு மனுஷியின் குரலையே மாற்றிய விஷயம். லிங்கன் விவகாரம் அதன் முன் சொற்ப விஷயம்.

கையில் ஒரு கெட்டிஸ்பர்க் உரை கிடைத்தால் அது எந்தப் பிரதியின் வழி வந்தது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். முதலில் ‘அண்டர் காட்’ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிக்கலே அல்லது ஹே. ‘முடிக்காத பணி’ வாக்கியமும் இல்லையென்றால் நிக்கலே, இருந்தால் ஹே. ‘அண்டர் காட்’ இருந்து, அது ‘ஷால்’ என்பதற்குப் பின்னால் நின்றால் பத்திரிகை வழி. ‘ஷால்’ என்பதற்கு முன்னால் நின்றால் பின்னைய மூன்றில் ஒன்று. அப்போது முதல் வாக்கியத்துக்குத் திரும்புங்கள்: ‘இந்தக் கண்டத்தின் மீது’ என்பதற்கு ‘அப்பான்’ என்று இருந்தால் எவரெட், ‘ஆன்’ என்று இருந்தால் பேங்க்ராஃப்ட் அல்லது பிளிஸ். இந்த இரண்டையும் பிரிக்க ‘தே ஹியர் கேவ்’, ‘தே கேவ்’ பாருங்கள்: ‘ஹியர்’ இருந்தால் பேங்க்ராஃப்ட், இல்லையென்றால் பிளிஸ். ‘ஆன்’னும் ‘கேரீட் ஆன்’னும் ஒரே பக்கத்தில் வந்தால், யாரோ இரண்டு பாடத்தை ஒட்டியிருக்கிறார்கள், அதை மேற்கோள் காட்ட வேண்டாம்.